விண்கல் விழுந்தபோது அது அங்கே இல்லை

ஐந்தாம் வகுப்புப் படிக்கிற எந்தப் பையனையாவது நிறுத்தி, ‘டைனோசார் எல்லாம் எப்படிடா செத்துப்போச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘வானத்துலேர்ந்து பெரிய கல்லு விழுந்துச்சு அங்கிள்’ என்று பட்டென்று பதில் வரும். சரியான பதில்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய மெக்ஸிகோவின் யுகடான் பகுதியில், சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு விண்கல் மோதியது. டைனோசார்களின் ஆட்டம் அத்தோடு குளோஸ். (பறவைகளாக மாறித் தப்பித்த கோஷ்டி தனி.)

இப்போது அதே பையனிடம் இன்னொரு படத்தைக் காட்டுங்கள். டால்ஃபின் மாதிரி உடம்பு, நீண்ட மூக்கு, வாய் நிறையப் பற்கள், முகத்தை அடைத்துக்கொண்டு ஒரு கண். பெயர் இக்தியோசார். ‘இது எப்படிச் செத்தது?’ என்றால், ‘அதுவும் அதே கல்லுதான் அங்கிள்’ என்பான்.

அங்கேதான் தப்பு. விண்கல் விழுந்தபோது இக்தியோசார் சம்பவ இடத்திலேயே இல்லை. அதற்குச் சுமார் 2.8 கோடி ஆண்டுகள் முன்பே அதன் கதை முடிந்துவிட்டது! கிட்டத்தட்ட 15 கோடி ஆண்டுகள் உலகத்தின் கடல்களில் கொடிகட்டிப் பறந்த ஒரு வம்சம், ஆர்ப்பாட்டமே இல்லாமல், ஒரு கல்கூட மேலே விழாமல், காணாமல் போயிருக்கிறது. யார் கொன்றது?

கேஸ் கட்டைப் பிரிப்போம், வாருங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இக்தியோசார் டைனோசார் அல்ல. பெயரில் ‘சார்’ இருப்பதால் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டார்கள். டைனோசார்கள் நிலத்துக்காரர்கள். இது வேறு குடும்பம். நிலத்தில் நான்கு காலில் திரிந்த ஏதோ ஓர் ஊர்வனப் பிராணி கடலில் இறங்கி, கால்களைத் துடுப்பாக்கிக்கொண்டு, கடைசியில் ‘இது மீனா, இல்லையா?’ என்று பார்ப்பவர்களுக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு மாறிப்போனது. ஆனால், செவுள் கிடையாது. நுரையீரல்தான். என்னதான் கடலுக்கு ராஜாவாக இருந்தாலும் மூச்சுவிட மேலே வந்துதான் ஆகவேண்டும். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதை முதன்முதலாக உலகத்துக்குக் காட்டியது யார் தெரியுமா? கடனில் மூழ்கிய ஒரு வீட்டுப் பெண்குழந்தை.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சின்ன ஊர். கடலை ஒட்டி, கரிய களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காய் நிற்கும் செங்குத்தான சரிவு. மழை பெய்தால் பொலபொலவென்று சரியும். சரிந்த மண்ணில் சுருள் சுருளாகக் கற்கள் கிடைக்கும். வீட்டுப் பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், உள்ளே சக்கரம் போல வரி ஓடியிருக்கும். அதே சரக்குதான். என்றோ அழிந்துபோன அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைத்தால் நமக்கு அது மகாவிஷ்ணு. லைம் ரீஜிஸில் கிடைத்தால் ‘பாம்புக் கல்’ என்று சொல்லி, கடற்கரைக்குக் காற்று வாங்க வந்த பணக்காரர்களிடம் விற்றார்கள்.

அப்படி விற்றவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆனிங். தொழிலால் மர ஆசாரி. 1810-ல் இறந்துபோனார். குடும்பத்துக்கு அவர் விட்டுப்போனது ஏறக்குறைய 120 பவுண்டு கடன். மறுவருடம், 1811-ல், மகன் ஜோசப் அந்தச் சரிவில் 4 அடி நீளத்தில் ஒரு மண்டையோட்டைக் கண்டுபிடித்தான். சில மாதங்கள் கழித்து அவன் தங்கை மேரி, அதே இடத்துக்குப் போய் உடம்பைத் தேடி எடுத்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. கூலியாட்களை வைத்துத் தோண்டி எடுத்தபோது மொத்தம் சுமார் 17 அடி!

நான் பி.காம். படித்தவன் என்பதால் இந்த மாதிரிக் கதைகளில் முதலில் கண்ணில் படுவது கணக்குதான். உள்ளூர்ப் பண்ணையார் ஒருவர் 23 பவுண்டு கொடுத்து அதை வாங்கினார். அங்கிருந்து லண்டனில் ஒரு காட்சிசாலைக்குப் போனது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாய் வந்து பார்த்தார்கள். 1819-ல் ஏலம் விட்டபோது, ‘கல்லாய்ப்போன முதலை’ என்ற பெயரில் 45 பவுண்டு, 5 ஷில்லிங்குக்கு பிரிட்டிஷ் மியூசியம் எடுத்தது. கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை. கண்டெடுத்த குடும்பத்துக்கு அதில் காலணா கிடையாது.

அது முதலைதானா? எவரார்ட் ஹோம் என்ற சர்ஜன் 1814-லிருந்து கட்டுரைமேல் கட்டுரையாக எழுதித் தள்ளினார். முதலில் மீனுக்கு உறவு என்றார். அப்புறம் மாற்றிக்கொண்டார். சாலமாண்டருக்கும் பல்லிக்கும் நடுவில் என்றார். அவர் யோசித்து ஒரு பெயர் வைப்பதற்குள், பிரிட்டிஷ் மியூசியத்தின் சார்ல்ஸ் கோனிக் ‘இக்தியோசாரஸ்’ என்று வைத்துவிட்டார். கிரேக்க மொழியில் மீன்-பல்லி. அதுவே நிலைத்துவிட்டது. இத்தனை களேபரத்திலும், அந்தக் கட்டுரைகளில் எங்கேயும் மேரியின் பெயர் இல்லை.

மேரி ஆனிங் அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க அந்தச் சரிவில்தான் நடந்தார். 1833-ல் கண்ணெதிரே மண் சரிந்து அவருடைய நாய் செத்தது. அவர் நூலிழையில் தப்பினார். இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடப்பதைக் கவனித்தார். உடைத்துப் பார்த்தால், உள்ளே மீன் முள், செதில். கல்லாகிப்போன சாணம்! 15 கோடி, 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிராணி என்ன சாப்பிட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா? லண்டன் ஜியாலஜிக்கல் சொஸைட்டியில் அவர் எடுத்துக் கொடுத்த எலும்புகளை வைத்து ஆண்கள் பேசினார்கள். அவரால் உள்ளே உட்கார முடியாது. பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள அந்தச் சங்கத்துக்கு 1919 வரை நேரம் கிடைக்கவில்லை. மேரி 1847-லேயே, 47 வயதில், மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார்.

சரி, மேரி காட்டிய பிராணி எங்கிருந்து வந்தது?

காலண்டரை 25.2 கோடி ஆண்டுகள் பின்னால் தள்ளுங்கள். பூமி பார்த்ததிலேயே மோசமான காலம் அது. சைபீரியாவில் பூமி பிளந்து லாவா வழிந்தது. ஏதோ ஒரு மலை ஒருநாள் வெடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பல லட்சம் ஆண்டுகள், லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் வழிந்துகொண்டே இருந்தது. கூடவே கரியமில வாயு. பூமி கொதித்தது. கடல் சூடானது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. கோடையில் ஏரியில் மீன்கள் செத்து வெள்ளை வெள்ளையாக மிதக்கின்றன என்று பேப்பரில் படிக்கிறோமே, அது ஓர் ஏரி. இது உலகத்தின் கடல் மொத்தமும்! கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் பூண்டோடு போயின.

கடைத்தெருவில் முக்கால்வாசிக் கடைகள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பவனுக்கு, அல்லது புதிதாக வருகிறவனுக்கு, வாடகை சல்லிசு. போட்டி இல்லை. கடலிலும் அதுதான் நடந்தது. பேரழிவுக்குப் பிறகு அம்மோனைட் வகையறாக்கள் (ஆமாம், நம் சாளக்கிராமக் கோஷ்டிதான்) மளமளவென்று பெருகின. தின்ன ஆள் இல்லை. ஊர்வன இறங்கின.

சீனாவின் ஆன்ஹுயி மாகாணத்தில், சாவோஹு என்ற இடத்தில் கிடைத்து, 2014-ல் அறிவிக்கப்பட்ட ஒரு புதைபடிவம் இருக்கிறது. கார்ட்டோரிங்கஸ் என்று பெயர். வாயில் நுழையவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மொத்த நீளமே சுமார் 40 சென்டிமீட்டர். வயது 24.8 கோடி ஆண்டுகள். இக்தியோசார்களின் ஆரம்பகால உறவுக்காரர். பெரிய துடுப்புகள், மணிக்கட்டு நன்றாக வளையும். கடல் சிங்கம் மணலில் தத்தித் தத்திப் போகுமே, அது மாதிரி இது கரையில் நகர்ந்திருக்கலாம் என்கிறார்கள். ஒரு கால் நிலத்தில், ஒரு கால் தண்ணீரில்.

அதே சாவோஹுவில் இன்னொரு படிவம், கல் மனசையும் கரைக்கும். ஒரு தாய் இக்தியோசார். வயிற்றில் ஒரு குட்டி. பாதி வெளியே வந்த நிலையில் இன்னொன்று. பிரசவ நேரத்தில் செத்துக் கல்லாகிவிட்டது. அந்தக் குட்டியின் தலைதான் முதலில் வந்திருக்கிறது. அதிலென்ன விசேஷம்? திமிங்கிலம், டால்ஃபின் குட்டிகள் பெரும்பாலும் வால் முதலில் பிறக்கும். தண்ணீருக்குள் தலை முதலில் வந்து, பிரசவம் இழுத்துக்கொண்டு போனால் குட்டி மூச்சுமுட்டிச் சாகும். தலை முதலில் வருவது நிலத்துப் பழக்கம். ஆக, குட்டி போடுகிற வித்தையை இக்தியோசாரின் முன்னோர்கள் கரையிலேயே கற்றுக்கொண்டு, அதன் பிறகுதான் கடலுக்குப் போயிருக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவுகட்டினார்கள். கடல் ஆமையைப் பாருங்கள். எத்தனை கோடி ஆண்டுகள் நீந்தினாலும் முட்டையிட நம் சென்னைக் கடற்கரை மணலுக்கு வந்துதான் தீரவேண்டும். இக்தியோசாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டிக்கெட் ஒன்வே!

இதற்கு நடுவே 2023-ல் ஒரு குழப்பம் வந்தது. ஆர்க்டிக்கில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் கிடைத்த சில முதுகெலும்புத் துண்டுகள், பேரழிவு முடிந்து 20 லட்சம் ஆண்டுகளிலேயே நல்ல நீச்சல்கார இக்தியோசார் ஒன்று இருந்ததைக் காட்டின. அவ்வளவு சீக்கிரம் தயாராகியிருக்க முடியுமா? ஒருவேளை முன்னோர்கள் பேரழிவுக்கு முன்பே தண்ணீரில் இறங்கிவிட்டனவா? விவாதம் முடியவில்லை. எப்போது உள்ளே நுழைந்திருந்தாலும், காலியான கடல்தான் அவற்றுக்குச் சொத்தை எழுதிக்கொடுத்தது என்பதில் தகராறு இல்லை.

அந்தச் சொத்தில் அவை வளர்ந்த வேகத்தைக் கேட்டால் தலை சுற்றும். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் கிடைத்து, 2021-ல் பெயர் வைக்கப்பட்ட சிம்போஸ்பாண்டிலஸ் வகை ஒன்றின் மண்டையோடு மட்டும் கிட்டத்தட்ட 2 மீட்டர். முழு உடம்பு 17 மீட்டருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயது 24.6 கோடி ஆண்டுகள். அதாவது, 40 சென்டிமீட்டர் சாவோஹுக்காரருக்கும் இந்த மலைக்கும் நடுவே இருபது, முப்பது லட்சம் ஆண்டுகள்தான். நமக்கு அது யுகம். பரிணாமத்துக்கு அது மத்தியானத் தூக்கம். திமிங்கிலங்கள் இந்த சைஸுக்கு வர இதைப்போலப் பல மடங்கு காலம் எடுத்துக்கொண்டன.

இன்னும் பெரிசும் உண்டு. 2020-ல், இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு தாடை எலும்புத் துண்டைப் பார்த்தாள். தேடத் தேட மற்ற துண்டுகள் கிடைத்தன. ஒட்டிப் பார்த்தால், வெறும் தாடையின் பின்பகுதி எலும்பே 2 மீட்டருக்கு மேல்! 2024-ல் அதற்கு இக்தியோடைட்டன் என்று பெயர் சூட்டினார்கள். நீளம் சுமார் 25 மீட்டர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. நீலத் திமிங்கிலத்தோடு தோள் உரசுகிற ஆகிருதி. மேரி ஆனிங்கின் காலம் மாதிரி இல்லை. இந்தத் தடவை ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்தச் சிறுமியின் பெயரும் இருக்கிறது.

ஆனால், அந்த ராட்சசனின் வயதைப் பாருங்கள். 20.2 கோடி ஆண்டுகள். சரியாக, அடுத்த பேரழிவின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மறுபடியும் பூமி பிளந்தது. இந்தத் தடவை, பின்னாளில் அட்லான்டிக் கடல் ஆகப்போகிற இடத்தில். மறுபடி லாவா, மறுபடி கரியமில வாயு, மறுபடி சூடு. ராட்சசர்கள் அத்தனையும் காலி. அதற்கப்புறம் அந்த சைஸுக்கு ஓர் இக்தியோசார் பிறக்கவே இல்லை. சில வம்சங்கள் மட்டும், ஊசித் துளைக்குள் நுழைந்த மாதிரி, அடுத்த பக்கம் வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்தவை இருந்தனவே... அவைதான் வேடிக்கை. சைஸில் விட்டதை டிசைனில் பிடித்தன.

ஜெர்மனியில் ஹோல்ட்ஸ்மாடன் என்று ஒரு கிராமம். அங்கே ஒருவகைக் கரும்பலகைக் கல் கிடைக்கும். அதிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்று வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை பெர்னார்ட் ஹாஃப். அவருக்கு எண்ணெயைவிடக் கல்லுக்குள் இருந்த எலும்புகள்மேல் ஆசை. 1892-ல் ஓர் இக்தியோசாரைப் பொறுமையாகச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது, எலும்பைச் சுற்றி நிழல் போலத் தோலின் உருவம் தெரிந்தது. முதுகில் சுறாவைப் போல நிமிர்ந்த துடுப்பு! அதற்கு எலும்பே இல்லை என்பதால், அதுவரை எவருக்கும் அது தெரியாது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-ல் வைத்த இக்தியோசார் சிலைகளில் முதுகுத் துடுப்பைத் தேடினாலும் கிடைக்காது. இன்றைக்கும் அப்படியேதான் நிற்கின்றன, பாவம்.

வால் சமாசாரமும் அங்கேதான் தெளிவானது. பல இக்தியோசார் எலும்புக்கூடுகளில் வால் ஓரிடத்தில் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். செத்தபிறகு ஒடிந்தது என்று முதலில் எண்ணினார்கள். ரிச்சர்ட் ஓவன் மட்டும் 1838-ல், அங்கே ஒரு துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஹோல்ட்ஸ்மாடன் அதை நிரூபித்தது. பிறைநிலா போன்ற வால். முதுகெலும்பு அதன் கீழ்ப்பாதிக்குள் ஓடுகிறது. சுறாவுக்கு மேல்பாதியில் ஓடும். அவ்வளவுதான் வித்தியாசம். டால்ஃபினின் வால் படுக்கைவசமாக இருப்பதும் இதன் வால் செங்குத்தாக இருப்பதும் ஏன் தெரியுமா? பல்லி ஓடும்போது பாருங்கள், உடம்பு இடமும் வலமுமாக நெளியும். நாய் ஓடும்போது முதுகு மேலும் கீழுமாக வளையும். கடலுக்குப் போனாலும் பிறந்தவீட்டு நடையை யாரும் விடுவதில்லை.

18.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஹோல்ட்ஸ்மாடன் கடலில், மூன்று நான்கு மீட்டர் நீளத்தில் ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இனம் நீந்தியது. வடிவம் அச்சாக சூரை மீன். அதன் தோலை ஆராய்ந்தவர்கள் 2018-ல் சொன்னது: தோலுக்கு அடியில், திமிங்கிலத்துக்கு இருப்பதுபோலக் கொழுப்புப் போர்வை. அநேகமாக வெப்ப ரத்தப் பிராணி. மேல் பக்கம் கருமை, அடிப்பக்கம் வெளுப்பு. டெம்னோடோன்டோசாரஸ் என்ற பங்காளிக்குக் கண்ணின் குறுக்களவு மட்டும் சுமார் 26 சென்டிமீட்டர்! நம் சாப்பாட்டுத் தட்டு. இருட்டான ஆழத்தில் இரை தேட. வேகம், வெப்பம், பார்வை, மறைந்து தாக்க இரண்டு கலர், கரைக்கே வராமல் பிரசவம். ஒரு கடல் வேட்டைக்காரனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இங்கே ஒரு முக்கியமான தகவல். ஹோல்ட்ஸ்மாடனில் தோல்கூடப் பத்திரமாக இருப்பதற்குக் காரணமே, அந்தக் கடலின் அடிப்பகுதியில் அப்போது ஆக்சிஜன் இல்லாததுதான். பிணத்தைக் கொத்தித் தின்ன அங்கே எந்த ஜீவனாலும் வாழ முடியவில்லை. அது ஹோல்ட்ஸ்மாடன் தலைவிதி மட்டுமல்ல, உலகக் கடல்களில் பலவற்றைப் பிடித்த சங்கடம். இக்தியோசார்கள் அதையும் தாண்டி வந்தன. மேலே வந்து மூச்சு விடுகிற பிராணிக்கு, கீழே ஆக்சிஜன் போனால் என்ன?

அப்படியென்றால் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மறுபடியும் கடலில் ஆக்சிஜன் போனபோது மட்டும் ஏன் செத்தன?

ரொம்ப நாள் ஒரு பதில் புழக்கத்தில் இருந்தது. அவை ஏற்கெனவே நலிந்துபோய், ஒன்றிரண்டு இனங்களே மிச்சமிருந்தன. வேகமான புதிய மீன்களோடு போட்டிபோட முடியாமல் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டன என்று. கிழடுதட்டிச் செத்தது, போஸ்ட்மார்ட்டம் தேவையில்லை என்கிற மாதிரி. பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகத்தின் வாலென்டின் ஃபிஷர் இதை நம்பவில்லை. மியூசியம் மியூசியமாகப் பழைய எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். கதை தலைகீழ். முற்பகுதி கிரெட்டேஷியஸ் காலத்தில் இக்தியோசார்கள் நலிந்தே போகவில்லை. விதவிதமான பற்கள், விதவிதமான சாப்பாடு என்று செழிப்பாகவே இருந்திருக்கின்றன. 2016-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரை சொன்னது இது: சாவு இரண்டு தவணையாக வந்திருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் முதல் அடி. குறிப்பிட்ட இரையை நம்பியிருந்த இனங்கள் போய்விட்டன. பெரிய வேட்டைக்கார இனங்கள் கொஞ்சம் தப்பின. பல லட்சம் ஆண்டுகள் கழித்து இரண்டாவது அடி. மிச்சமும் போய்விட்டது.

அடித்தது யார்? இங்கேதான் எனக்குப் பங்குச் சந்தை ஞாபகம் வருகிறது. சந்தை இறங்கினால் சமாளிக்கலாம். ஏறினாலும் சரி. ஆளைக் கொல்வது எது தெரியுமா? இன்றைக்கு ஏறி, நாளைக்கு விழுந்து, மறுநாள் மறுபடி ஏறுகிற அந்த ஆட்டம். ஃபிஷர் குழுவினர் இக்தியோசார்களின் அழிவை, அந்தக் காலத்து வெப்பம், கடல்மட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெறும் சூட்டோடு அது ஒத்துப்போகவில்லை. சூட்டின் ஏற்ற இறக்கத்தோடு, கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போனது. துருவங்களில் பெரிய பனிப்பாறைகள் இல்லாத, தாழ்வான நிலங்களெல்லாம் கடலுக்கு அடியில் கிடந்த காலம் அது. பவளத்திட்டுகள், மிதவை உயிர்கள், அம்மோனைட்டுகள், மீன்கள் என்று உணவுச் சங்கிலி முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்தது. மூச்சு விடக் காற்று மேலே தாராளமாக இருந்தது. கீழே சாப்பாட்டு மெனுதான் மாறிக்கொண்டே போனது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். எந்த வேகத்தில் ஒரு வம்சம் தன் உடம்பை மாற்றிக்கொள்கிறது என்பதை எலும்புகளிலிருந்து கணிக்க முடியும். இக்தியோசார்களின் அந்த வேகம், கடைசிக்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே சொற்பமாகக் குறைந்துவிட்டிருந்தது. இனங்கள் நிறைய இருந்தன. ஆனால், புதிதாக எதையும் முயலவில்லை. இருபது, முப்பது லட்சம் ஆண்டுகளில் ராட்சசனாகிக் காட்டிய அதே குடும்பம்! ஜுராசிக் காலத்தில் போட்ட டிசைன் அத்தனை கச்சிதம். மாற்றவேண்டிய அவசியமே வரவில்லை. வந்தபோது, மாறுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. (அதனால்தான் அழிந்தன என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து வந்தன என்பதுவரைதான் எலும்பு பேசும்.)

இந்தக் கடைசி அத்தியாயத்தின் சில வரிகள் நம் பக்கத்திலேயே கிடக்கின்றன. திருச்சியிலிருந்து வடக்கே, பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஒரு கிராமம். சாலையிலிருந்து பார்த்தால், செம்பழுப்பு நிறத்தில் மழை அறுத்துப்போட்ட மேடும் பள்ளமுமாக, புல்கூட முளைக்காத ஓர் பொட்டல். ஆடு மேய்க்கிறவர்கள்தான் கண்ணில் படுவார்கள். அது பழைய கடலின் தரை. இந்தியா தெற்கேயிருந்த கண்டங்களிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பிய பிறகு இங்கே நுழைந்த கடல். காரையின் களிமண் படிந்த காலத்துக்குள்தான், இக்தியோசார்களுக்கு விழுந்த அந்த இரண்டு அடிகளும் அடங்கியிருக்கின்றன! பக்கத்திலுள்ள ஊட்டத்தூரின் பெயரால் அழைக்கப்படும் இந்தப் பாறை வரிசையில் கிடைத்த முதுகெலும்புகளுக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் லைடக்கர் 1879-ல் ‘இக்தியோசாரஸ் இன்டிகஸ்’ என்று பெயர் வைத்தார். பிற்பாடு அந்தப் பிராணியைப் பிளாட்டிப்டெரிஜியஸ் என்ற, கடைசிக்காலத்துப் பெரிய வேட்டைக்காரர்களின் கூட்டத்தில் சேர்த்தார்கள். இந்தப் பாறைகளிலிருந்து இக்தியோசார் பற்களும் கிடைத்ததை 2011-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை விவரித்தது. முதல் அடியில் தப்பித்து, இரண்டாவது அடிக்குக் காத்திருந்தவர்கள் என்று நான் சொன்னேனே, அந்தக் கூட்டம் நீந்திய தண்ணீர், இன்றைக்குக் காரையில் ஆடு மேய்கிற அந்த இடத்தில்தான் இருந்தது.

அவை போனபின் கடல் காலியாகவே கிடந்துவிடவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில், உடும்புக்கும் பாம்புக்கும் ஒன்றுவிட்ட உறவான, ஒரு மீட்டர் நீளமுள்ள சில பல்லிகள் கரையோரத் தண்ணீரில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தன. நான்கு காலும் விரல்களும் இன்னும் அப்படியே இருந்தன. ராஜா செத்த செய்தி அவற்றுக்கு எட்டியிருக்காது. ஆனால், நாற்காலி காலி. அவற்றின் வாரிசுகள் மோசாசார்கள். கால் துடுப்பானது. குட்டி போட்டன. ஜோர்டானில் கிடைத்து, 2013-ல் விவரிக்கப்பட்ட ஒரு மோசாசாரின் கல்லில் தோலின் நிழல் தெரிகிறது. வாலில் பிறைத் துடுப்பு. முதுகெலும்பு மடங்கி அதன் கீழ்ப்பாதிக்குள் ஓடுகிறது. அச்சு அசலாக, இக்தியோசார் போட்ட அதே டிசைன். பார்த்துக் காப்பியடிக்கவில்லை. தண்ணீர் அதே தண்ணீர், பல்லி அதே பல்லி, விடையும் அதே விடை.

மோசாசார்கள் 12 மீட்டர்வரை வளர்ந்தன. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மெக்ஸிகோ பக்கம் அந்தக் கல் விழுந்தது.